முதலில் ஆஸ்பத்திரி, பிறகு மற்றவை
(மும்பையில் நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, ரேஷன் கார்டு, குழாய்த் தண்ணீர் என்று இந்த மேடையில் எத்தனையோ பேசியிருக்கிறோம். பெண்களும் குழந்தைகளும் பலாத்காரத்துக்கு ஆளாவதைப் பற்றி மட்டும் பேசியதில்லை. இன்று பேசப்போகிறேன். ஆண்கள் யாரும் எழுந்து போகவேண்டாம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன், நம்மவர்கள் குடியிருந்த சால் ஒன்றில் ஒரு பெண்ணுக்கு இந்தக் கொடுமை நடந்தது. தகப்பனார் ராத்திரியோடு ராத்திரியாக என்னைத் தேடி வந்தார். "அண்ணாச்சி, வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். ஊருக்கு நாலு டிக்கெட் வேண்டும்" என்றார். நான் ரயில்வே குமாஸ்தா. டிக்கெட் எடுத்துக் கொடுத்து வண்டியேற்றியும் விட்டேன். பெரிய உதவி செய்ததாக நினைத்துக்கொண்டேன். பெண்ணை டாக்டரிடம் காட்டவேண்டும் என்ற யோசனை எங்கள் இருவருக்குமே வரவில்லை. மருந்துக்கு உரிய நேரத்தில் பாதி ரயிலிலே போயிற்று. மீதி, ஊரில் வாயை மூடிக்கொண்டு இருந்ததிலே போயிற்று. கொடுமை செய்தவனோ அதே சாலில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இது எங்கோ ஒன்று நடப்பதல்ல. 2022-ல் மட்டும் இந்தியாவில் போலீஸ் பதிவு செய்த பாலியல் வல்லுறவு வழக்குகள் 31,516. நாளொன்றுக்கு 86. ஏட்டில் ஏறாதவை எத்தனையோ! பதிவான வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல், செய்தவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன்: உறவினன், அண்டைவீட்டான், வேலை கொடுப்பவன். "இருட்டில் போகாதே" என்று பெண்ணுக்குப் புத்தி சொல்லி ஆகப்போவது என்ன?

சட்டமும் தானாக வந்துவிடவில்லை. 1972-ல் இதே மகாராஷ்டிரத்தில், தேசாய்கஞ்ச் போலீஸ் ஸ்டேஷனுக்குள் ஓர் ஆதிவாசிப் பெண் சீரழிக்கப்பட்டாள். உடம்பில் காயமில்லை, எதிர்க்கவில்லை என்று காரணம் காட்டி, 1978-ல் சுப்ரீம் கோர்ட் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுதலை செய்தது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-ல் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. டெல்லிக் கொடுமைக்குப் பிறகு 2013-ல் மறுபடி திருத்தினார்கள். போராடாமல் எதுவும் கிடைக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது உங்கள் உரிமை என்ன? சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் உடனடியாக, இலவசமாக வைத்தியம் பார்த்தே தீரவேண்டும். மறுத்தால் ஒரு வருஷம் வரை சிறை உண்டு. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டங்களிலும் இது இருக்கிறது. "முதலில் போலீஸுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். கொண்டுவா" என்று சொல்ல எந்த டாக்டருக்கும் அதிகாரமில்லை. போலீஸுக்குத் தகவல் சொல்வது ஆஸ்பத்திரியின் வேலை. வயது வந்த பெண் புகார் கொடுக்க விரும்பாவிட்டால் அதை எழுதிக்கொள்ளலாம், வைத்தியத்தை நிறுத்தக்கூடாது. 18 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் போலீஸுக்குச் சொல்லியே ஆகவேண்டும். பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்கவேண்டும். தாயோ, குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம்.

ஏன் அவசரம்? எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கவேண்டும். 28 நாள் விடாமல் சாப்பிடவேண்டும். கர்ப்பம் தரிக்காமலிருக்க மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குளிக்காமல், உடுத்திய துணியைத் துவைக்காமல் போனால் சாட்சியம் நிற்கும். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள். நாட்கள் கடந்துவிட்டாலும் போங்கள். வைத்தியத்துக்குக் காலக்கெடு இல்லை. விரலை விட்டுச் சோதிக்கும் அந்த அவமானச் சோதனையைச் செய்யக்கூடாதென்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பெண்ணின் சம்மதமில்லாமல் எந்தப் பரிசோதனையும் கிடையாது.

சம்மதம் என்றேன். இங்கேதான் நம் கஷ்டம். பாரத்தில் இருப்பது மராத்தி, கேட்பது இந்தி, நம் பெண் பேசுவது தமிழ். புரியாத காகிதத்தில் கைநாட்டு வைப்பது சம்மதமாகுமா? பாந்திரா பாபா ஆஸ்பத்திரியில் 2000-ல் 'திலாசா' என்ற பிரிவு ஆரம்பித்தார்கள். கொடுமைக்கு ஆளான பெண்களை உட்காரவைத்துப் பேச, வழிகாட்ட அங்கே ஆட்கள் உண்டு. ஆனால் அங்கே போய்ச் சேரவும், நம் பாஷையில் எடுத்துச் சொல்லவும் நாம்தானே துணை போகவேண்டும்?

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை வைக்கிறேன். மராத்தியும் இந்தியும் தெரிந்த நம் பெண்கள் ஆறு பேர் முன்வாருங்கள். எந்த ராத்திரி அழைப்பு வந்தாலும் இருவர் துணைக்குப் போகட்டும். டாக்ஸிச் செலவு சங்க நிதியிலிருந்து. பெண்ணின் பெயர் அந்த இருவரைத் தாண்டி வெளியே போகக்கூடாது. செயலாளர் நோட்டிலும் எழுதக்கூடாது. யாரும் கிடைக்காத நேரத்தில் 181-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள், குழந்தைக்கு 1098.

கடைசியாக ஒரு வார்த்தை. 'கற்பழிப்பு' என்று எழுதியும் பேசியும் பழகிவிட்டோம். அழிந்தது அவளுடைய ஏதோ ஒன்று என்று அந்தச் சொல்லே சொல்கிறது. கற்பு பெண்ணுக்கு மட்டும்தானா என்று பெரியார் கேட்டும் நமக்கு உறைக்கவில்லை. நடந்தது குற்றம், செய்தவன் குற்றவாளி. மானம் போகவேண்டியது அவனுக்கு.

இனி என்னிடம் ஒரு தகப்பன் டிக்கெட் கேட்டு வந்தால், ஸ்டேஷனுக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். நீங்களும் வாருங்கள்.