ஆடியைத் தாண்டிய பெட்டி

 

தேனீ வளர்ப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எத்தனை கிலோ கிடைக்கும், என்ன விலைக்குப் போகும் என்று கேட்கத்தான் பல பேர் வந்திருப்பீர்கள். நாங்களும் அந்தக் கணக்கோடுதான் ஆரம்பித்தோம். முதல் கூட்டத்தைத் தொலைத்ததும் அதனால்தான்.

மதரஸாவில் ‘நஹ்ல்’ என்றால் தேனீ என்று கேட்டுவந்த மகள், “நாமும் வளர்க்கலாமா அத்தா?” என்றாள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்தோம். ஒரு நியூட்டன் பெட்டி வாங்கி, மொட்டை மாடியில் நிழலாக ஓரிடத்தில் வைத்தோம். 100 வருடங்களுக்கு முன்பு திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார், நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கு ஏற்ப அமைத்த பெட்டி அது. கீழே புழு அறை, அதில் 7 சட்டங்கள். மேலே தேன் அறை. எறும்பு ஏறாமல் இருக்க ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினோம்.

நோட்டில் “முதல் வருடம் 10 கிலோ” என்று எழுதினோம். வைகாசியில் விருந்தாளிகள் வந்தார்கள். அடையில் முக்கால்வாசியாவது மெழுகால் மூடிய பிறகே தேன் எடுக்க வேண்டும், மூடாத தேனில் தண்ணீர் அதிகம் என்று பயிற்சியில் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் எடுத்தோம். கிலோ தேறவில்லை என்று புழு அறையின் ஓரத்து அடையிலும் கை வைத்தோம். அதுகள் தமக்கென்று சேர்த்து வைத்தது அது.

பாட்டிலில் தேன் நுரைத்துப் புளித்தது. ஆடிக் காற்றில் பூ இல்லை. பயத்தில் தினமும் பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஒருநாள் காலையில் பெட்டி காலி. நாட்டுத் தேனீ பட்டினியையும் தொந்தரவையும் பொறுக்காது, மொத்தமாகக் கிளம்பிவிடும். மகள் இரண்டு நாள் மாடிக்கே வரவில்லை.

அடுத்த தடவை நோட்டில் எழுதியது ஒரே வரி: “ஆடியைத் தாண்ட வேண்டும்.” அதோடு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எதைப் பார்க்கப் போகிறோம் என்று எழுதாமல் மூடியைத் தூக்குவதில்லை. ராணி இருக்கிறதா என்பது கேள்வியானால், எல்லாச் சட்டத்தையும் உருவித் தேட வேண்டியதில்லை. அறையின் அடியில் அரிசி நுனிபோல முட்டை தெரிந்தால் போதும். முட்டை 3 நாளில் பொரிந்துவிடும். அப்படியென்றால் 3 நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது. மூடிவிடலாம். தீனி இருக்கிறதா என்று பார்க்கத் திறக்கவே வேண்டாம், பெட்டியின் பின்பக்கத்தை லேசாகத் தூக்கினால் கனம் சொல்லிவிடும். கனம் குறைந்தால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, பொழுது சாய்ந்த பிறகு உள்ளே வைக்கிறோம். பகலில் வைத்துச் சிந்தினால் மற்ற கூட்டத்துத் தேனீக்கள் கொள்ளைக்கு வந்துவிடும்.

இதற்கிடையில் ஒருவர் பாதி விலைக்கு ஒரு கூட்டம் தருவதாகச் சொன்னார். ஆசைதான். ஆனால் 1990களின் தொடக்கத்தில் ‘தாய் சாக் புரூட்’ என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்திருக்கிறது. புழு பைபோல ஊதிச் செத்துக் கிடக்கும். புழு அறையைக் காட்டுங்கள் என்றோம். அவர் தயங்கினார். சலாம் சொல்லித் திரும்பிவிட்டோம்.

அந்த வருடம் ஆடி தாண்டியது, அல்ஹம்துலில்லாஹ். எடுத்த தேன் ஒன்றரைக் கிலோ. இந்த வருடம் கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பதாக எழுதியிருக்கிறோம், பலம் இருந்தால்.

பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். தேநீர் உண்டு. பெட்டியைத் திறப்போமா என்பதை மட்டும் அன்றைக்குத்தான் சொல்ல முடியும்.