சரக்கு எங்கே இருக்கிறது?

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடைச் சரக்கு நம் வீடு வந்து சேரும் கதையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பௌதிகம் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகம் பார்த்தவன், வியாபாரம் அறியேன். ஆகவே ஒரு மாணவனைப் போல் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நாம் அடுத்த வாரம் சமைக்கப்போகும் துவரம்பருப்பு இன்று யாரிடம் இருக்கிறது?

என் சிறு வயதில் இதற்குப் பதில் சுலபம். எங்கள் அகத்து உக்கிராண அறையில் இருக்கும். அறுவடை முடிந்தால் வருஷத்து நெல் குதிருக்குள் போகும். புளியும் மிளகாயும் காய்ந்து ஜாடியில் ஏறும். ஈரம், பூச்சி, எலி எல்லாவற்றிலிருந்தும் காப்பது அம்மாவின் பாடு. எழுபதுகளில் டில்லியில் வேலைக்குச் சேர்ந்தபின், ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஜி.டி. எக்ஸ்பிரஸில் அப்பளமும் காப்பிப் பொடியும் சுமந்து வந்தோம். ‘சப்ளை செயின்’ என்ற சொல் அப்போது தெரியாது. அந்தச் சங்கிலியே நாம்தான்!

பிறகு மாதச் சம்பளம், மாத மளிகை என்றாயிற்று. சரக்கு வீட்டை விட்டுக் கடைக்காரரின் கிடங்குக்குப் போயிற்று. ஆனால் சரக்கு தூங்கினால் முதலும் தூங்கும். வட்டி, வாடகை, சேதம் மூன்றும் ஏறும். அதைக் குறைக்க வழி செய்தது தகவல். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டிராய் நகரில், ஒரு சூப்பர் மார்க்கெட் கல்லாவில், சூயிங்கம் பாக்கெட் ஒன்றின் பார்கோடு படிக்கப்பட்டது. பில் போடுவது விரைவானது மட்டுமல்ல. எந்தப் பொருள், எங்கே, எப்போது விற்றது என்பதும் உடனே தெரியலாயிற்று. தேவை தெரியாதபோதுதான் அதிகமாக அடுக்கி வைக்கிறோம். தெரிந்தால் கொஞ்சம் போதும்.

நம் நாட்டில் சரக்கு இருக்கவேண்டிய இடத்தை நெடுங்காலம் வரிச் சட்டமே நிர்ணயித்தது. வெளிமாநிலத்துக்கு விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு. அங்குள்ள தன் சொந்தக் கிடங்குக்கு மாற்றினால் கிடையாது. எனவே பெரிய கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு கிடங்கு வைத்தன. எல்லைச் செக்போஸ்டில் லாரிகள் மணிக்கணக்கில் நின்றன. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் விற்பனை வரிச் செக்போஸ்டுகள் எடுக்கப்பட்டன. பல சிறு கிடங்குகளின் இடத்தில் சில பெரிய கிடங்குகள் வந்தன. இப்போது பெருநகரங்களில், வாடிக்கையாளர் நுழையாத குட்டிக் கிடங்குகளும் முளைத்திருக்கின்றன. அந்தப் பேட்டையில் என்ன விற்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட, கொத்தமல்லி சில நிமிஷங்களில் வாசலுக்கு வருகிறது.

இதில் ஒரு பலவீனம் உண்டு. சாட்டையின் பிடியைச் சற்றே அசைத்தால் நுனி வெகுதூரம் வீசும். ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் இதைக் குழந்தைகளின் டயப்பர் வியாபாரத்தில் கண்டது. குழந்தைகளின் தேவை அனேகமாக ஒரே சீராக இருக்க, கடை, மொத்த வியாபாரி, தொழிற்சாலை என்று மேலே போகப் போக ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்கின. ஒவ்வொருவரும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கொஞ்சம் கூட்டிக் கேட்டதும் அதற்கு ஒரு காரணம்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்ததும் நாமும் அதைத்தான் செய்தோம். ஒரு பாக்கெட் வாங்குபவர் ஐந்து வாங்கினார். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அமெரிக்காவிலிருந்து பெண் ஆன்லைனில் ஆர்டர் போடப் பார்த்தாள். நான்கு நாள் முயன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் தெருக்கோடி லாலாஜியே போன் செய்து, “மாதாஜிக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார். அரிசி, பால், என் மனைவியின் இரத்த அழுத்த மாத்திரை எல்லாம் அவர் பையன் கொண்டுவந்து வைத்தான். அதற்கு முந்தைய இரண்டு வருஷமாக நான் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. அந்த வெட்கம் இன்றும் எனக்கு உண்டு.

சுமை மறைவதில்லை, கை மாறுகிறது. அம்மா சுமந்ததை இன்று கிடங்குத் தொழிலாளியும், மழையில் ஸ்கூட்டரில் வரும் பையனும் சுமக்கிறார்கள்.

எனவே, தனியாக வசிக்கும் நம் மூத்தோருக்கு என் வேண்டுகோள் இதுதான். மருந்தும் மளிகையும் பதினைந்து நாளுக்குக் கையிருப்பு வையுங்கள். பதற்றத்தில் அதற்கு மேல் குவிக்காதீர்கள். தெருக்கடையில் மாதம் ஒரு தடவையாவது வாங்குங்கள். வாசலுக்கு வரும் பையனுக்கு ஒரு டம்ளர் தீர்த்தம் கொடுங்கள். பத்து நிமிஷம் தாமதமானால் கோபிக்காதீர்கள்.