செங்கீரை முதல் வருகை வரை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இலக்கியச் சுவையை நாடி வந்திருக்கும் உங்களிடம் மருத்துவம் பேசுவதற்கு முதற்கண் இசைவு வேண்டுகிறேன். ஆயினும் இலக்கியத்தை விட்டு நெடுந்தொலைவு சென்றுவிட மாட்டேன். பிள்ளைத்தமிழ் என்னும் நூல்வகையை நீங்கள் அறிவீர்கள். ஐந்தாம் திங்களில் செங்கீரை, ஒன்பதாம் திங்களில் சப்பாணி, ஓராண்டு நிரம்புங்கால் வருகை என்று குழந்தையின் பருவங்களை நம் புலவர்கள் வரிசைப்படுத்தி, அவ்வரிசையையே நூலின் இலக்கணமாகவும் வகுத்தனர். எப்பொழுது தலை நிமிரும், எப்பொழுது கைகொட்டும், எப்பொழுது தளர்நடையிட்டு வரும் என்பதை உற்று நோக்கியவர்களின் பட்டியல் அது.

இன்று குழந்தை மருத்துவர் கையிலிருக்கும் அட்டவணையும் அதற்கு உறவினதே. 1991-இல் வெளிவந்த திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பு முதல் இரண்டு வயதுவரை குழந்தை செய்யவேண்டிய 17 செயல்கள் அதில் உள்ளன. முகம் நோக்கிச் சிரிப்பது முதலாவது. பொம்மையின் உறுப்புகளைத் தொட்டுக் காட்டுவது இறுதியானது. இடையே கைகொட்டுதலும் உண்டு, நம் சப்பாணிதான்! சோதிக்க ஒரு பேனாவும் ஒரு சாவிக்கொத்தும் போதும். குழந்தையின் வயதுக்கு நேரே மேலிருந்து கீழாகப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார்கள். கோட்டிற்கு இடப்புறம் முடிந்துவிட்ட செயல் எதனையேனும் குழந்தை செய்யவில்லையென்றால், விரிவான ஆய்வுக்கு அனுப்புவார்கள். இது சல்லடை போன்றது. சல்லடையில் தங்கியதெல்லாம் கல் அன்று. எடுத்துப் பார்க்கவேண்டியது என்பதே பொருள். இதனை நோயின் தீர்ப்பாகக் கொண்டு வீடு திரும்பிக் கண்ணீர் வடிக்கும் பெற்றோர் பலர்.

மூளையிலும் முதுகுத்தண்டிலும் குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு இச்சல்லடையை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூளையும் தண்டுவடமும் ஆகவேண்டிய குழாய் மூடிக்கொள்கிறது. முதுகுப்புறத்தில் அது மூடாது நின்றுவிட்டால் முதுகெலும்புப் பிளவு; மருத்துவர் ஸ்பைனா பைஃபிடா என்பர். அத்தகைய குழந்தைகளுள் பலர்க்கு மூளையில் நீரும் கோத்துக்கொள்கிறது. கிரகணத்தின்போது கருவுற்றவள் வெளியே வந்ததால் நேர்ந்தது என்று மாமியார் மருமகளைக் குற்றஞ்சாட்டுவது இந்நகரத்திலும் நடக்கிறது. அதில் எள்ளளவும் உண்மை இல்லை.

ஒரு காலத்தில் இக்குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. 1956-இல் அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்னும் இயந்திரத் தொழிலாளர், இவ்விரு குறைகளோடும் பிறந்த தம் மகனுக்காக ஒரு வால்வைச் செய்தார். மூளையில் தேங்கும் நீரை உடலின் வேறோரிடத்திற்கு வடிக்கும் ஷண்ட் என்னும் குழாய்க்கு அவ்வால்வு நம்பத்தக்க வழியாயிற்று. நம் நகரத்திற்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1954-இல் இங்கே தோன்றிய அகில இந்திய மனநலக் கழகமும் பழைய அரசு மனநல மருத்துவமனையும் 1974 டிசம்பர் 27-ஆம் நாள் ஒன்றாயின. நரம்பு அறுவை மருத்துவர் மார்த்தாண்ட வர்மா அதன் முதல் இயக்குநர். அதுவே நிம்ஹான்ஸ். தமிழ்நாட்டிலிருந்து நாம் வரும் ஓசூர்ச் சாலையிலேயே அது நிற்கிறது. தமிழ்த் தாய்மார் வரும் வழியில் அமைந்தது நற்பேறு என்பேன்.

அறுவை முடிந்து குழந்தை வீடு திரும்புகிறது. இனிமேல்தான் அட்டவணையின் வேலை, குழப்பமும் இங்கேதான். அந்த 17 செயல்களுள், பிடித்து நிற்றல், பிடித்து நடத்தல், தனித்து நடத்தல், பின்னோக்கி நடத்தல், படியேறுதல் ஆகிய ஐந்தும் காலின் வலிமையையே நம்பியவை. முதுகெலும்புப் பிளவால் கால் வலுவிழந்த குழந்தை இவ்வைந்திலும் தவறும். உடனே, 'அறிவு வளர்ச்சி குன்றியது' என்று அக்கம்பக்கத்தார் முடிவு கட்டிவிடுவர். அக்குழந்தை பேனாவைக் கண்ணால் தொடர்கிறதா, பொருளைக் கைமாற்றுகிறதா, இரண்டு சொல் சொல்கிறதா என்பவற்றைத் தனியே எண்ணவேண்டும். காலின் கணக்கை மூளையின் கணக்கில் எழுதுதல் ஆகாது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. மூளையில் நீர்கோத்த குழந்தைகளுள் சிலர் மடைதிறந்தாற்போல் பேசுவர். கேட்போர் மகிழ்வர். ஆனால் கவனத்தை ஒன்றில் நிறுத்துவதிலும், வடிவங்களை ஒப்பு நோக்குவதிலும், பின்னர்க் கணக்கிலும் அவர்கள் இடர்ப்படுவதுண்டு. பேச்சைக் கண்டு மயங்கிச் சோதனையை நிறுத்திவிட்டால், பள்ளியில் இரண்டாம் மூன்றாம் வகுப்பில்தான் உண்மை வெளிப்படும்.

ஆகவே ஒருமுறை பார்த்தால் போதாது. ஷண்ட் அடைத்துக்கொண்டால் வாந்தி, தலைவலி, மயக்கம் வரலாம். சில வேளைகளில் அவை மெல்லவே தோன்றும். நேற்றுவரை செய்த ஒன்றைக் குழந்தை இன்று விட்டுவிடும். கைகொட்டிய குழந்தை கொட்டாமல் இருந்தாலும், இரு சொல் பேசியது வாய்மூடினாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்க. அடுத்த முறைக்கெனக் காத்திருத்தல் கூடாது. தலையின் சுற்றளவையும் அளந்து எழுதவேண்டும். பிறக்கும்போது ஏறத்தாழ 34 அல்லது 35 சென்டிமீட்டர். முதல் மூன்று திங்களில் திங்களுக்கு 2 சென்டிமீட்டரும், அடுத்த மூன்றில் 1 சென்டிமீட்டரும், பின்னர் ஆண்டு நிறையும்வரை அரை சென்டிமீட்டரும் வளரும். அதற்கு மிகுந்து வளர்ந்தால் ஐயுறவேண்டும். (தையற்காரரின் பழைய நாடாவை நம்பாதீர்கள், நாட்பட்டால் அது நீண்டுவிடும்.)

இனி, இச்சங்கத்திற்கே உரிய செய்தி. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு குடும்பம். ஷண்ட் வைத்த இரண்டு வயதுக் குழந்தை. சோதித்தவர் கனிவோடு, 'கண்ணு எல்லி?' என்று கன்னடத்தில் கேட்டார். குழந்தை கண்ணைத் தொட்டது. 'கிவி எல்லி?' என்றார். குழந்தை விழித்தது. நம் செவியே கன்னடத்தில் கிவியாக நிற்கிறது என்பதை மொழிநூல் கற்ற நீங்கள் அறிவீர்கள். வீட்டில் 'காது' என்று கேட்டுப் பழகிய இரண்டு வயதுக் குழந்தை மொழிநூல் கற்கவில்லையே! தாயோ, கேட்டது விளங்காமல் அச்சத்தால் வாளாவிருந்தாள். மொழி வளர்ச்சி தாழ்வு என்று குறித்தாயிற்று. கன்னடம் அறிந்த மேஸ்திரி ஒருவர் குறுக்கிட்டு, 'காது எங்கே?' என்று கேட்கச் சொல்லியிராவிட்டால் அக்குறிப்பே நிலைத்திருக்கும்.

இதில் சோதித்தவர்மீது குறை கூற ஒன்றுமில்லை. கன்னட நாட்டில் கன்னடத்தில் கேட்பது முறையே. தாய்மொழியில் கேட்கத் துணை வேண்டும். அத்துணை நாம் செய்யக்கூடியது.

2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் மத்திய அரசுத் திட்டம், பிறப்பு முதல் 18 வயதுவரை 30 வகைக் குறைகளைத் தேட ஏற்பட்டது. அப்பட்டியலில் முதலில் நிற்பதே இந்நரம்புக் குழாய்க் குறைதான். அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டிற்கு இருமுறை பார்க்கவேண்டும் என்பது விதி. ஆனால் கட்டடம் எழும் இடந்தோறும் கொட்டகை மாற்றும் குடும்பத்தின் பெயர் எந்த அங்கன்வாடியில் இருக்கும்? ஊரிலும் இல்லை, இங்கும் இல்லை.

'குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லையே, பின்னர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடவில்லையா?' என்று ஆறுதல் சொல்லும் பெரியோர் நம்மில் உண்டு. வரலாறு அவ்வாறு வழங்குவது உண்மையே. ஆனால் அவர் பெற்றோர் வாளா காத்திருந்தனர் என்று அது கூறவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குச் சென்றனர் என்றே கூறுகிறது.

வருமுன் காத்தலைப் பற்றியும் ஒரு சொல். 1920-களின் இறுதியில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில அம்மையார், பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் சோகையை ஆராய்ந்தார்; நம் குன்னூரிலும் தங்கி ஆய்வு நடத்தினார். ஈஸ்ட் சாற்றில் அவர் கண்ட மருந்துப் பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனத் தெளிவாயிற்று. இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அமைந்த பெயர் அது, கீரையிலிருந்து பிரித்தெடுத்ததால். முன்பு இக்குறையுடைய குழந்தையைப் பெற்ற தாய்மார் கருவுறுமுன்பே அதனை உண்டால், மீண்டும் அக்குறை நேர்வது 72 விழுக்காடு குறைகிறது என்று 1991-இல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நிறுவியது. 28 நாட்களில் குழாய் மூடிவிடுவதால், நாள் தள்ளிப்போய் மருத்துவரை நாடுகையில் காலம் கடந்திருக்கும். ஆகவே மணமான பெண் கருவுறக் கருதும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்கவேண்டும். முன்பு அத்தகைய குழந்தை பிறந்திருந்தால் பன்மடங்கு மிகுந்த அளவு தேவை. அதனை மருத்துவர் குறித்துத் தருவார். கீரை நல்லதே, வேகவைக்கும்போது சத்தில் பெரும்பகுதி போய்விடுவதால் அது மட்டும் போதாது.

செயற்குழுவினரிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். இரு மொழியும் அறிந்த உறுப்பினர் இருவர், முறைவைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு காலை தாய்மாருடன் மருத்துவமனைக்குச் செல்லட்டும். கண், காது, மூக்கு, பந்து, பால், 'வா', 'தா' என வீட்டில் வழங்கும் ஐம்பது சொற்களைத் தமிழிலும் கன்னடத்திலும் எதிரெதிரே அச்சிட்டு ஒரு தாளாகக் கொடுப்போம். குழந்தை எந்நாளில் எதைச் செய்தது, தலை எத்தனை சென்டிமீட்டர் என்று எழுத ஒரு குறிப்பேடும், நீளாத நாடாவும் உடன் தருவோம். எழுதத் தெரியாத தாய்க்கு அவள் சொல்ல நாம் எழுதுவோம். அச்சுச் செலவை ஏற்பதாக நம் உறுப்பினர் ஒருவர் இன்று காலையே என்னிடம் கூறியுள்ளார். முதல் வாரத்திற்குச் செல்ல இருவர் பெயர் வேண்டும்.