ஊசி போடும் நாளில் பேர் வெட்டக்கூடாது

(காங்கேசன்துறைத் தொழிலாளர் கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மலையிலிருந்து இறங்கி வந்து இந்தக் கடற்கரையில் உங்களோடு நிற்கிறோம். காங்கேசன்துறை மக்கள் 1990இல் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தவர்கள். சீமெந்துத் தொழிற்சாலையும் அப்போதுதான் நின்றுபோனது. அந்தப் போருக்குள்ளும் ஒரு நல்ல காரியம் நடந்தது. 1990களின் நடுப்பகுதியில், பிள்ளைகளுக்குப் போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் இரு தரப்பும் துப்பாக்கியை இறக்கி வைத்தன. நாட்டில் கடைசியாக ஒரு பிள்ளைக்குப் போலியோ கண்டது 1993இல். 2014 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் எமது பிராந்தியத்தைப் போலியோ அற்றது என்று அறிவித்தது. சண்டையை நிறுத்திப் பெற்ற பாதுகாப்பு அது. இன்று கைத்தொலைபேசியில் வரும் ஒரு குரல்பதிவு அதைக் குலைக்கப் பார்க்கிறது.

இங்கிருந்து கப்பலேறினால் நாகப்பட்டினம். அந்தக் கரையில், தமிழ்நாட்டில், 2017 பெப்ரவரியில் சின்னமுத்துக்கும் ருபெல்லாவுக்கும் எதிரான ஊசியைப் பள்ளிகளில் போடத் தொடங்கினார்கள். வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பெற்றோர் பலர் மறுத்தார்கள். அதனால் முகாமை மார்ச் வரை நீடிக்க வேண்டி வந்தது. கப்பலை விட வதந்தி வேகமாகக் கடல் கடக்கும்.

எமது நாட்டுக்கே வருவோம். 2019இல் சின்னமுத்து ஒழிந்த நாடு என்ற பெயர் எடுத்தோம். 2023இல் அது திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் 9 மாவட்டங்களில், 6 மாதம் முதல் 9 மாதம் வரையான கைக்குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போட வேண்டியதாயிற்று. ஏனென்றால் முதல் ஊசி 9 மாதத்தில்தான். அதுவரை அந்தப் பிள்ளைக்குக் காவல், சுற்றியிருக்கும் நாம் ஊசி போட்டிருப்பதுதான். 100 பேரில் 95 பேராவது போட்டிருந்தால்தான் அந்தக் காவல் நிற்கும்.

லயத்தில் வாழும் நமக்கு இது இன்னும் பெரிய விஷயம். சின்னமுத்துக் கண்ட ஒருவர் இருந்துவிட்டுப் போன அறையின் காற்றில் அந்தக் கிருமி இரண்டு மணி நேரம் வரை தங்கும். ஒரு காம்பராவில் ஒருவர் இருமினால் அடுத்த காம்பராவுக்கும் கேட்கும் வாழ்க்கை நம்முடையது. பிள்ளைக்காம்பராவில் எத்தனை குழந்தைகள் ஒன்றாகக் கிடக்கிறார்கள்! காய்ச்சலோடு போகும் நோய் என்று எண்ண வேண்டாம். நிமோனியா வரும், கண் போகும், மூளையைத் தாக்கும், உயிரும் போகும்.

பயப்படும் தாயை நாங்கள் ஏசமாட்டோம். எமது பாட்டன் பூட்டன்மாரை மண்டபம் முகாமில் நிறுத்தி அம்மை குத்தினார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்காமல் செய்தது சந்தேகத்தை விட்டுச் செல்லும். கேள்வி கேட்பது எமது உரிமை. 2008இல் ஐந்து நோய்களுக்கான ஊசி போட்ட பின் சில குழந்தைகள் இறந்தபோது, அரசே அந்த ஊசியை நிறுத்தியது. நிபுணர்கள் ஆராய்ந்த பிறகு 2010இல் மீண்டும் தொடங்கினார்கள். கேள்விக்குப் பதில் தேடும் வழி அதுதான். ஆகவே சந்தேகம் வந்தால் மருத்துவமாதுவிடம், சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேளுங்கள். பக்கத்துக் காம்பரா போனிடம் கேட்காதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊசி தவறுவதெல்லாம் பயத்தால் அல்ல. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். அரைப்பேராவது கிடைக்குமா என்று தாய் கணக்குப் பார்க்கிறாள். “அடுத்த மாதம் பார்ப்போம்” என்கிறாள். அந்த அடுத்த மாதம் வராமலே போகிறது. அவளை அறியாதவள் என்று சொல்வது அநியாயம்.

அதனால் எமது கோரிக்கைகள் மூன்று. ஊசி போடும் நாளில் தாய்க்கு முழுப்பேர் போட வேண்டும். ஊசியைப் பற்றித் தமிழில், புரியும்படி விளக்க வேண்டும். இயன்ற இடங்களில் கிளினிக்கைத் தோட்டத்துக்கே கொண்டுவர வேண்டும்.

நாங்கள் கேட்பதைக் கேட்போம். நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். 9 மாதம், 3 வயது என்ற இரண்டு இடத்திலும் திகதி இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே போங்கள். பேர் வெட்டினால் எமது தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள். அந்தச் சண்டையை நாங்கள் பிடிக்கிறோம்.