ஆண் மகவுக்கு ஒரு திருநாமம்
(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிவபெருமானும் கண்ணபிரானும் ஒரே ஆலயத்தில் எழுந்தருளி அருள்பாலிக்கும் இத்திருத்தலத்தில், ஆண் குழந்தைக்குப் பெயர் சூட்டுதல் பற்றிச் சில கருத்துகளைச் சொல்ல விழைகிறேன். அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது நம்மிடம் கேட்கப்படுபவை இரண்டு: பெயர், நட்சத்திரம். நட்சத்திரத்தை இறைவன் தருகிறான். பெயரைத் தரும் பொறுப்பைப் பெற்றோரிடம் விட்டிருக்கிறான். அப்பொறுப்பை நாம் எவ்வாறு நிறைவேற்றுகிறோம் என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

நம் சமயம் கூறும் பதினாறு சம்ஸ்காரங்களுள் நாமகரணமும் ஒன்று. பிறந்த பதினோராம் நாளிலோ பன்னிரண்டாம் நாளிலோ அதனைச் செய்வது மரபு. நம்மவருள் பலர் முப்பதாம் நாள் தொட்டிலிடும்போது செய்கின்றனர். பெரியவர்கள் குழந்தையின் காதில் பெயரை மும்முறை ஓதுவார்கள். மறுபுறம் அரசாங்கப் பதிவும் இருக்கிறது. சிங்கப்பூரில் குழந்தை பிறந்த 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்தல் வேண்டும். இந்த அவசரத்தில் சில இல்லங்களில் பதிவேட்டுக்கு ஒரு பெயர், சடங்குக்கு ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர் என மூன்று பெயர்கள் அமைந்துவிடுகின்றன. மூன்றில் எது அவன் பெயர் என்று பிள்ளைக்கே புரிவதில்லை.

பெயர் சூட்டுதலின் பெருமையை உணர்த்த அப்பூதியடிகளின் வரலாறு ஒன்றே போதும். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இதனை விரிவாகப் பாடியிருக்கிறார். திருவையாற்றை அடுத்த திங்களூரில் வாழ்ந்தவர் அப்பூதியார். திருநாவுக்கரசரை அவர் நேரில் கண்டதில்லை, பெருமையைக் கேட்டறிந்தவர். அந்த அன்பினால் தம் மூத்த மகனுக்கும் இளைய மகனுக்கும் திருநாவுக்கரசு என்றே பெயரிட்டார். வீட்டிலுள்ள பசுக்களும், அளக்கும் படிகளும், வழிப்போக்கருக்காக அமைத்த தண்ணீர்ப் பந்தலும் அப்பெயரையே தாங்கின.

தண்ணீர்ப் பந்தலில் தம் பெயரைக் கண்ட நாவுக்கரசர், "உம்முடைய பெயரை இடாமல் வேறொருவர் பெயரை இட்டது ஏன்?" என்று வினவினார். எதிரே நிற்பவர் யாரென்று அறியாத அப்பூதியார் வெகுண்டார். அடியவரின் அருமை அறியாது பேசும் நீர் யார் என்று கேட்டார். உண்மை தெரிந்தபோது அவர் அடைந்த ஆனந்தத்திற்கு எல்லை இல்லை. விருந்துக்கு வாழையிலை அரியச் சென்ற மூத்த மகன் அரவு தீண்டி இறந்ததையும், நாவுக்கரசர் பதிகம் பாடி அவனை எழுப்பியதையும் நாம் அறிவோம். எந்தப் பெயரை அப்பூதியார் தம் மகனுக்குச் சூட்டினாரோ, அப்பெயருக்கு உரியவரே வந்து அம்மகனைக் காத்தருளினார்.

வைணவத்தில் இதற்கு இணையாகப் பெரியாழ்வாரைச் சொல்லலாம். அவர் தம் திருமொழியில் பிள்ளைகளுக்குத் திருமாலின் திருநாமத்தை இடுமாறு பெற்றோரை வேண்டி ஒரு பதிகமே பாடியிருக்கிறார். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டுப் பிறர் பெயரைப் பிள்ளைக்கு இடுவோரை அவர் கடிகின்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் பெயர் சூட்டுவதில் உலக ஆசை நுழைந்திருந்தது என்பது இதனால் விளங்கும். பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் வரும் அஜாமிளன், இறக்கும் தறுவாயில் தன் கடைசி மகனை "நாராயணா" என்று அழைத்தே நற்கதி பெற்றான். அவன் அழைத்தது மகனைத்தான். ஆயினும் நாமம் தன் வேலையைச் செய்தது.

இனி, காலத்தால் அழியாத பெயர் எது என்று பார்ப்போம். பழமையான பெயர் எல்லாம் அழியாத பெயர் என்று சொல்லிவிட முடியாது. மதுரைக்கு அருகே கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் என்னும் பெயர் தமிழி எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சேர மன்னர்களும் தாங்கிய பெயர் அது. சங்க காலத்தில் சாத்தன், கொற்றன், பூதன் என்பனவும் பெருவழக்காய் இருந்தன. இன்று இப்பெயர்களை நம் பிள்ளைகளிடம் காண்பது அரிது. ஆனால் பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெயரில் உள்ள கண்ணன் இன்றும் வாழ்கிறான். அவனைக் கோயிலில் அழைக்கிறோம், தாலாட்டில் அழைக்கிறோம், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் அப்பெயரால் அழைக்கிறோம். தலைமுறை தோறும் அழைத்துக்கொண்டே இருப்பதுதான் ஒரு பெயரை வாழவைக்கிறது. குமரன், முருகன், செந்தில், சிவா, ராமன் ஆகிய பெயர்கள் பழையனவாயினும் முதுமை அடையாமல் இருப்பதன் காரணமும் இதுவே.

பேரன் என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். டேங்க் ரோட்டில் 1859ஆம் ஆண்டு தண்டாயுதபாணி ஆலயத்தை எழுப்பிய நகரத்தார் பெருமக்களிடையே, மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயரை இடும் வழக்கம் உண்டு.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பாலத்திற்கு இப்புறம் எஸ்/ஓ என்றும், அப்புறம் ஜொகூரில் ஏ/எல் என்றும் தந்தை பெயரைச் சேர்த்து எழுதும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. ஆகவே இன்று உங்கள் மகனுக்கு இடும் பெயர், முப்பது ஆண்டுகளுக்குப் பின் உங்கள் பேரக் குழந்தைகளின் பெயருக்குப் பின்னாலும் நிற்கும். தொட்டிலில் கிடக்கும் மழலைக்கு மட்டும் பொருந்தும் செல்லப் பெயர், ஒரு தந்தையின் பெயராக நிற்கும்போது எப்படி இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

சீனரும் மலாய்க்காரரும் உச்சரிக்க எளிதாக இருக்க வேண்டுமே என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. பள்ளியில் நாள்தோறும் பிழையாக அழைக்கப்படும் பிள்ளையின் மனம் வாடும். ஆனால் அதற்காகப் பொருளற்ற ஓசைகளைத் தேட வேண்டியதில்லை. நம் நாட்டின் அதிபராக 1999 முதல் 2011 வரை விளங்கியவரின் பெயர் செல்லப்பன் ராமநாதன். நாடே அவரை நாதன் என்று அழைத்தது. ராமநாதன் என்பது இராமபிரான் வழிபட்ட சிவபெருமானின் திருநாமம். ஒரே பெயரில் ராமனும் இருக்கிறான், ஈசனும் இருக்கிறான். அதைச் சுருக்கி நாதன் என்றாலும் தலைவன் என்னும் நல்ல பொருளே எஞ்சுகிறது. சுருக்கினாலும் சிதையாதது நம் பழைய பெயர்களின் சிறப்பு.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் தேவை. நமக்கு அண்டை நகரமான யீஷூனின் பெயர், லிம் நீ சூன் என்னும் பெருவணிகரின் பெயரை மாண்டரின் ஒலிப்பில் எழுதியதால் வந்தது. அவர் தம் வாழ்நாளில் யீஷூன் என்று அழைக்கப்பட்டவர் அல்லர். ஆங்கில எழுத்தில் ஒன்று மாறினாலும் பெயரின் ஓசை மாறிவிடும். எண் கணிதத்தில் நம்பிக்கை உடையோரை நான் குறை கூறவில்லை. எழுத்தைக் கூட்டுவதாயின், கூட்டிய பின்பும் அப்பெயரைப் பிறர் சரியாகப் படிக்க முடிகிறதா என்று பார்த்துக் கூட்டுங்கள். நட்சத்திர எழுத்திலும் இடம் இருக்கிறது. கார்த்திகைக்கு அ, இ, உ, எ என நான்கு பாதங்களுக்கு நான்கு எழுத்துகள் உள்ளன. அவற்றுள் அடங்காத இறைநாமம் இல்லை எனலாம்.

தூய தமிழ்ப் பெயரா, வடமொழிப் பெயரா என்று பூசலிட வேண்டாம். தமிழ் முரசு ஏட்டை 1935ஆம் ஆண்டு தொடங்கித் தமிழுக்குப் பாடுபட்ட தமிழவேள் அவர்களின் பெயர் சாரங்கபாணி. குடந்தைப் பெருமாளின் திருநாமம். வேலன் என்பதும் சுப்பிரமணியன் என்பதும் ஒருவனையே குறிக்கும்.

பெற்றோருக்கு நான் கூறும் ஆலோசனை எளியது. பெயரை முடிவு செய்யுமுன் வீட்டில் உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். தமிழில் எழுதிப் பாருங்கள். பொருள் கேட்டால் ஒரு வரியில் சொல்ல முடியுமா என்று பாருங்கள். பாட்டியிடம் சொல்லச் சொல்லுங்கள். பாட்டியின் நாவில் நிற்காத பெயரால் அவர் தம் பேரனை எவ்வாறு கொஞ்சுவார்? பெயரைச் சொல்லத் தெரியாமல், கடைசி வரை "தம்பி" என்றே அழைத்து மறைந்த மூதாட்டிகள் நம்மிடையே உண்டு.

நிறைவாக ஒன்று. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் தமிழையே அதிகமாகப் பேசுவோர் நூற்றுக்கு 2.5 விழுக்காட்டினரே. 2010இல் இருந்ததைவிட இது குறைவு. ஆங்கிலமே பேசும் நம் இல்லங்கள் சிலவற்றில், காலை முதல் இரவு வரை ஒலிக்கும் ஒரே தமிழ்ச் சொல் பிள்ளையின் பெயராகவே இருக்கக்கூடும். அச்சொல் இறைவனின் திருநாமமாகவும், முன்னோரின் நினைவாகவும், பிள்ளை தானே தமிழில் எழுதத்தக்கதாகவும் அமையுமானால், அந்த வீட்டில் தமிழும் சமயமும் ஒரு நாளும் முற்றாக மௌனமாகிவிட மாட்டா.

இங்கு வந்திருக்கும் இளந்தம்பதியர் யாவரும் நன்மக்களைப் பெற்று, நற்பெயர் சூட்டி, அப்பிள்ளைகள் தம் பெயருக்கேற்ப வாழ்வதைக் கண்டு மகிழ எல்லாம் வல்ல ஈசனும் கண்ணனும் அருள்புரிவார்களாக.