200 ரூபாயும் நம்ம கணக்கு நோட்டும்

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

அரசாங்க பட்ஜெட் பத்திப் பேசச் சொன்னாங்க தலைவி அக்கா. "அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்"னு பின்னாடி ரெண்டு மூணு பேர் சிரிக்கறது தெரியுது. அப்படி இல்லீங்க. மாசா மாசம் நீங்க போடறதும் பட்ஜெட்தான். மில்லுல வேலை குறைஞ்ச மாசம், தறி ஓடாத மாசம், கையில இருக்கிற காசுல எதை முதல்ல வாங்கறீங்க, எதைத் தள்ளி வைக்கறீங்க? குழந்தைக்குப் பாலா, மாமியாருக்கு மாத்திரையா, டிவி தவணையா? அந்த வரிசையைப் பார்த்தாலே அந்த வீட்டுல யாருக்கு மதிப்புன்னு தெரிஞ்சு போகும். அரசாங்கக் கணக்கும் அப்படித்தான்.

ஒரே ஒரு கணக்கை மட்டும் இன்னைக்குப் பார்ப்போம். முதியோர் உதவித்தொகை. மத்திய அரசு இதை 1995இல் தொடங்கியபோது மாதம் 75 ரூபாய் கொடுத்தது. 2006இல் 200 ரூபாய் ஆக்கியது. 2011இல் 80 வயது தாண்டியவர்களுக்கு 500 ஆனது. ஆனால் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு 2025-26 பட்ஜெட்டிலும் மத்திய அரசின் பங்கு அதே 200தான்.

200 ரூபாய்க்கு அப்ப என்ன மதிப்பு, இப்ப என்ன மதிப்பு? நூறு நாள் வேலை 2006இல் தொடங்கியபோது தமிழ்நாட்டுக்குக் குறிச்ச கூலி 80 ரூபாய். அப்போ 200 ரூபாய்ங்கறது இரண்டரை நாள் கூலி. 2025-26க்கு அந்தக் கூலி 336 ரூபாய். இப்போ 200 ரூபாய் ஒரு நாள் கூலிக்கே போதாது. யாரும் எதையும் வெட்டலை. ஆனா மாத்தாம விட்டதே வெட்டுன மாதிரிதானுங்க.

தமிழ்நாட்டு அரசு 1962இலேயே மாதம் 20 ரூபாயில் இந்த உதவியைத் தொடங்கிவிட்டது. 2011இல் 1,000 ரூபாய், 2023இல் 1,200 ரூபாய் என உயர்த்தியது. அந்த 1,200இல் மத்திய அரசின் பங்கு 200, மீதி 1,000 மாநிலத்தின் பங்கு. இந்தியா முழுமைக்கும் முதியோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித் திட்டத்துக்கு மத்திய பட்ஜெட்டில் 2024-25இல் 9,652 கோடி, 2025-26இலும் அதே 9,652 கோடி. நம்ம ஒரு மாநிலத்தின் மகளிர் உரிமைத்தொகைக்கு மட்டும் 2025-26இல் 13,807 கோடி ஒதுக்கினாங்க. அப்போ காசு இருக்குதா இல்லையாங்கறது மட்டும் கேள்வி இல்லை. யாரை முதல்ல நினைக்கறோம்ங்கறதுதான் கேள்வி.

சரி, தொகை எப்ப மாறுது? கேக்கறவங்க இருந்தா மாறுது. நம்ம கோவை, திருப்பூர் விசைத்தறிக்காரங்க சங்கமாச் சேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 2023இல் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 1,000 யூனிட் ஆனது. உரிமைத்தொகையில விடுபட்ட பெண்கள் மேல்முறையீடு போட்டாங்க. அதே ஆண்டு நவம்பரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவங்க புதுசாச் சேர்ந்தாங்க. தனியா இருக்கிற அமுச்சிகளுக்கு எந்தச் சங்கமுங்க இருக்குது?

இங்கே நம்ம தப்பையும் சொல்லணும். களப்பணிக்குப் போன ஒரு ஊர்ல, ஒரே வீதியில மூணு குழு. அதே வீதிக் கடைசி வீட்டுல எழுபது தாண்டின ஒரு அமுச்சி. உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்து ஒரு வருஷம் ஆச்சு, பதிலே இல்லை. நான் மூணு குழுவுலயும் கேட்டேன். "அவங்களால சேமிப்புக் கட்ட முடியாதுங்க, அதனால சேர்க்கலை"ன்னாங்க. அந்த ஊருக்கு நானும் ரெண்டு வருஷமாப் போயிட்டு வர்றேன். கடைசி வீடு வரைக்கும் நானும் நடக்கலை. கடனைத் திருப்பிக் கட்டக் கூடியவங்களையே முதல்ல பார்த்தோம். நம்ம தீர்மானப் புத்தகத்துலயும் அவங்க பேரு இல்லை.

ஒரு உறுப்பினரோட மக, பிளஸ் டூ படிக்கற பொண்ணு, காகிதங்களை வாங்கிப் பார்த்தா. ஆதார்ல ஒரு இனிஷியல், வங்கிப் புத்தகத்துல வேற இனிஷியல். அவ்வளவுதான். திருத்தி மறுபடி கொடுத்தோம். நாலு மாசத்துல பணம் வந்துச்சு. அந்த அமுச்சி என்னைக் கேட்டாங்க: "இத்தனை நாளா நாலு பேருகிட்டச் சொல்லாம இருந்தது என்ற தப்பா அம்மணி?" எனக்குப் பதில் சொல்லத் தெரியலைங்க.

அதனால மூணு வேலை சொல்றேன். எழுதிக்கோங்க.

ஒண்ணு. ஒவ்வொரு குழுவும் தன் வீதியைக் கடைசி வீடு வரை நடந்து பாருங்க. தனியா இருக்கிற முதியோர், கணவனை இழந்தவர், மாற்றுத்திறனாளி, ரேஷன் கடையில கைரேகை விழாதவங்க எனப் பட்டியல் எடுத்து, அடுத்த கூட்டத்துல தீர்மானப் புத்தகத்துல ஏத்துங்க. சேமிப்புக் கட்டினாத்தான் நம்மாளுன்னு நினைக்காதீங்க.

ரெண்டு. இ-சேவை மையத்துல விண்ணப்பம் போடும்போது ஒருத்தர் கூடப் போங்க. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமா வாங்கி வைங்க. ஆதார், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு மூணுலயும் பேரும் இனிஷியலும் ஒண்ணா இருக்குதான்னு பாருங்க. மனு தள்ளுபடி ஆனா காரணத்தை எழுத்துல கேளுங்க. அப்பவும் நடக்கலைன்னா திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குக் குழுவாப் போவோம்.

மூணு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம சபை கூடுற இந்த ஆறு நாளும் காலண்டர்ல வட்டம் போடுங்க. மத்திய அரசின் 200 ரூபாய் பங்கை உயர்த்தக் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்க. நகலை நம்ம எம்.பி.க்கு அனுப்புவோம். மத்திய பட்ஜெட் வழக்கமா பிப்ரவரி 1இல் வருது. மனு அதுக்கு முன்னாடியே போய்ச் சேரணும்.

பட்ஜெட்ல காசு ஒதுக்கறது டெல்லியிலயும் சென்னையிலயும். அது கடைசி வீட்டுக்குப் போய்ச் சேருதான்னு பார்க்கறது நம்ம கையில. அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் ஒரு பேராவது எழுதிக்கிட்டு வாங்க. நானும் என் பட்டியலோட வர்றேன்.