நில வரைபடத்தில் நம் ஊர் எங்கே?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடந்த வாரம் கோத்தா கோலா மூடாவில், மூடா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நின்றிருந்தேன். ஆற்றுக்கு அக்கரை பினாங்கு மாநிலம். அங்கே ‘பாசார் பீசேக்’ என்றொரு மீன் சந்தை இருக்கிறது. பீசேக் என்றால் கிசுகிசுப்பது. மீன் வாங்க வருபவர்கள் விலையைக் கூவிச் சொல்வதில்லை. மீன் விற்பவரின் காதருகே குனிந்து மெல்லச் சொல்கிறார்கள். யார் அதிக விலை சொன்னாரோ அவருக்குக் கூடை போய்விடுகிறது. பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் காதில் விழாது.

மீன் விற்க அது நல்ல முறைதான். ஆனால் நாம் குடியிருக்கும் நிலத்தின் தலைவிதியும் இப்படிக் காதோடு காதாக முடிந்துபோனால் என்ன ஆகும்? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆற்றின் இக்கரையில் இன்னொரு காட்சி. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இந்த மீனவக் கிராமத்தைத் தாக்கியது. உடைந்த படகுகளை அடுக்கி நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். இடிந்த வீடுகள் சிலவற்றை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். சொந்தக் கதையை ஓர் ஊர் அது நடந்த இடத்திலேயே காப்பாற்றி வைத்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் கேட்டால் கையை நீட்டிக் காட்ட ஓர் இடம் இருக்கிறது.

இதே கோலா மூடா மாவட்டத்தில் இன்னோர் இடத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமல் போனது.

பதினொன்றாம் எண் சண்டி

பூஜாங் பள்ளத்தாக்கைத் தெரியாத தமிழர் இந்த நாட்டில் குறைவு. நாம் கடாரம் என்று பெருமையோடு சொல்லும் பூமி அது. 1930களில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தம் துணைவியாரோடு வந்து, மண்ணுக்குள் கிடந்த பழங்காலக் கோயில்களின் அடித்தளங்களைத் தோண்டி எண் கொடுத்தார். மலாயில் இவற்றைச் சண்டி என்கிறோம். பதினொன்றாம் எண் சண்டி சுங்கை பத்து வட்டாரத்தில் இருந்தது.

2013 டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது அந்தச் சண்டி தரைமட்டமாகிவிட்டது! வரலாற்று ஆய்வாளர் டத்தோ வீ. நடராஜன் போன்றோர் குரல் எழுப்பினார்கள். பத்திரிகைகள் எழுதின. தலைவர்கள் ஓடிவந்து பார்த்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

எப்படி நடந்தது? நிலம் தனியாருக்குச் சொந்தமானது. 2005ஆம் ஆண்டிலேயே தேசிய மரபுடைமைச் சட்டம் வந்திருந்தது. ஆனால் அந்த இடம் அச்சட்டத்தின்கீழ் அரசிதழில் பதிவு செய்யப்படவில்லை. ஆராய்ச்சி நூலில் அதற்கு எண் இருந்தது, சட்டப் பாதுகாப்பு மட்டும் இல்லை. மண்வாரி இயந்திரம் ஓட்டுபவர் ஆராய்ச்சி நூலைப் படித்துவிட்டு வேலைக்கு வருவதில்லையே!

பாட்டி கொடுத்த கடுதாசி

சண்டிக்கு நேர்ந்ததுதான் நம் தோட்டங்களுக்கும் நேர்ந்தது. என் பாட்டி சுங்கைப் பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர். பொதுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தபோது, பயிற்சிக்காக வீடியோ கேமராவோடு அங்கே போனேன். லயங்களில் பாதி காலி. மாரியம்மன் கோயில் வாசலில் அளவைக் கல் நட்டிருந்தார்கள்.

“யாரும் உங்ககிட்ட சொல்லலியா பாட்டி?” என்று கேட்டேன்.

அவர் தலையணைக்கு அடியிலிருந்து மடித்த கடுதாசி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருந்துச்சு. கீழே விழுந்து கிடந்ததுன்னு எடுத்து வச்சேன். என்னான்னு நீதான் படிச்சிச் சொல்லணும்” என்றார்.

மலாயில் எழுதிய அறிவிப்பு. கருத்துச் சொல்ல வேண்டிய கடைசி நாள் முடிந்து ஏழு மாதமாகியிருந்தது.

நேயர்களே, அந்தக் கடுதாசியை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நாற்பது வருடம் அந்த மண்ணில் உழைத்தவருக்கு அந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல உரிமை இருந்தது. உரிமை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. படித்த பேத்தி நானும் அந்த நாட்களில் ஊரில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒரு வட்டாரத்தில் எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே விவசாயம் என்று காட்டும் உள்ளூர்த் திட்டம் தயாரிக்கப்படுகிறது. மலாயில் ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’. அதன் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். ஆட்சேபம் சொன்னவர்களை அழைத்து விசாரிக்கவும் சட்டத்தில் வழி உண்டு.

உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டுமான அனுமதி கேட்டால், பக்கத்து நில உரிமையாளர்களுக்குத் தெரிவித்து, ஆட்சேபிக்க 21 நாள் கொடுக்க வேண்டும். ‘நில உரிமையாளர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். லயத்தில் இருப்பவருக்கு ஏது கிராண்டு? அந்தக் கடிதம் அவர் வீட்டுக்கு வராது. அதனால்தான் உள்ளூர்த் திட்டத்தின் நகல் வெளிவரும் அந்த நான்கு வாரம் நமக்கு முக்கியம். அதில் கருத்துச் சொல்ல கிராண்டு தேவையில்லை.

சொன்னால் கேட்பார்களா என்கிறீர்களா? கோலாலம்பூரில் தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிகள் கட்ட 2017இல் அனுமதி தரப்பட்டது. குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள், விடவில்லை. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது.

ஆனால் அதே நிலத்தில் நீள வீடுகளில் இருந்தவர்கள் யார் தெரியுமா? 1980களில் புக்கிட் கியாரா தோட்டத்திலிருந்து இடம் மாற்றப்பட்ட நம் பாட்டாளிக் குடும்பங்கள். நிரந்தர வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்தவர்கள். ரத்தான அந்தத் திட்டத்தில் அவர்களுக்கான வீடுகளும் இருந்தன. பூங்காவைக் காப்பதும் நியாயம், வீடு கேட்பதும் நியாயம். இரண்டையும் ஒரே மேசையில் ஆரம்பத்திலேயே பேசியிருந்தால் நீதிமன்றம் வரை போயிருக்க வேண்டுமா? மேம்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கு வீடு வேண்டும், வேலை வேண்டும். எதை எங்கே கட்டுவது என்ற பேச்சில் நாமும் இருக்க வேண்டும் என்கிறேன்.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று, உங்கள் ஊரின் உள்ளூர்த் திட்டத்தை ஒருமுறையாவது பாருங்கள். இந்த மாவட்டத்தார் சுங்கைப் பட்டாணி நகராண்மைக் கழகத்தில் கேட்கலாம். நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரம் என்பதால், மாநில ஆட்சிக்குழுவுக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள்.

இரண்டு, கோயில், பள்ளி, இடுகாடு, பழைய கிணறு, எல்லாவற்றையும் படம் பிடித்துப் பட்டியல் போடுங்கள். எந்த ஆண்டு, யார் நிலம் என்று குறித்து வையுங்கள். கோயில் நிர்வாகத்தினரே, திருவிழாக் கணக்கோடு நிலக் கணக்கையும் பாருங்கள்.

மூன்று, ஊருக்கு ஓர் இளைஞர் அறிவிப்புப் பலகையைப் படிக்கும் பொறுப்பை ஏற்கட்டும். படித்ததைப் பாட்டிகளுக்குத் தமிழில் சொல்லட்டும்.

நான்கு, ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். காப்பிக் கடையில் பேசியது எந்தக் கோப்பிலும் ஏறாது.

பாட்டியின் தோட்டம் இன்று தாமானாகிவிட்டது. கோயிலை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அம்மன் அங்கும் அருள்பாலிக்கிறாள். ஆனால் பாட்டி கண்ணை மூடும்வரை பழைய வாசல் இருந்த திசையைப் பார்த்துத்தான் கும்பிட்டார்.

அக்கரைச் சந்தையில் அவர்கள் கிசுகிசுக்கட்டும், அது மீனுக்கு. நம் ஊருக்கான விலையைப் பேசும்போது நாலு பேர் காதில் விழும்படி நாம் பேசுவோம். அதுவும் அந்த நான்கு வாரத்துக்குள் பேசுவோம்.